மாப்பிள்ளையின் திங்கட்கிழமை

காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, ஒரு காலில் காலுறையும் இன்னொரு காலில் ஒன்றுமில்லாமலும், மாப்பிள்ளை கூடத்தில் நொண்டிக்கொண்டே ஜெபம் செய்கிறார். போனின் அந்தப் பக்கம் ஒரு தாய். அவள் மகனுக்கு அன்றைக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு. "அன்பின் பரம பிதாவே, இந்தத் தம்பியை உம்முடைய கரத்துல ஒப்புக்கொடுக்கிறோம், அவன் போற வழியில இருக்கிற தடையெல்லாம் நீக்கிப்போடும், அத்தை, வண்டிச் சாவி எங்க, அவனுக்கு ஞானத்தைக் கொடும், ஃப்ரிட்ஜ் மேல இல்லையே, நல்ல வார்த்தையைக் கொடும், ஆமென்." அந்தப் பக்கத்திலிருந்தும் "ஆமென்" என்று உருக்கமாகக் கேட்டது. அந்தத் தம்பிக்கு வேலை கிடைத்ததோ இல்லையோ, இவருக்குச் சாவி கிடைத்துவிட்டது. முதல் நாள் போட்ட கால்சட்டைப் பையிலேயே இருந்தது.

என் மகளைக் கட்டியவர் போதகர். நூற்றறுபது குடும்பம் உள்ள சபை. பார்த்தால் நாற்பத்தாறு வயதுக்கு ஐம்பத்தைந்து சொல்லலாம். சட்டைப் பையில் நான்கு பேனா இருக்கும். அதில் ஒன்றுதான் எழுதும், எது என்று அவருக்கே தெரியாது. சாப்பிடுவது ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்றபடி. நான் நாற்காலியை இழுத்துப் போட்டால் அதில் கைப்பையை வைப்பார். நல்ல மனிதர், கோபம் வராது, பொய் வராது, "முடியாது" என்ற சொல்லும் வராது. முதல் இரண்டும் இல்லாமல் போனதில் என் மகளுக்குக் குறை ஒன்றுமில்லை.

அவர் வாயில் எப்போதும் இருக்கும் சொல் இரண்டு. ஒன்று, "அஞ்சே நிமிஷம்." இன்னொன்று, "வந்துட்டேன்னு வச்சுக்கோங்க." இரண்டாவதை முகத்தில் சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்வார். என் மகள் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். அவளுக்கு எல்லாம் அளவு, கணக்கு. "அம்மா, அவரோட அஞ்சு நிமிஷத்தை ஒரு நாள் அளந்து பார்த்தேன். ரெண்டு மணி பத்து நிமிஷம்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.

அழைக்கிறவர்களும் சும்மா அழைப்பதில்லை. புது வீடு, புது வண்டி, பெண்ணுக்கு வரன், பையனுக்குக் காய்ச்சல் என்றால் எனக்குப் புரியும். நகல் எடுக்கும் இயந்திரம் வாங்கினார்கள் என்று ஒரு கடைக்குப் போய் அதன் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு வந்தார். ஒரு வீட்டில் மீன் தொட்டி. மூன்றாம் நாள் மீன் செத்துப்போனது. பிள்ளை அழுகிறது என்று அதற்கும் அழைத்தார்கள். அதற்கும் போனார். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அவருடைய டைரியைத் திறந்து பார்த்தால் வெள்ளையாக ஓர் இடம் இல்லை என்பது தெரிகிறது. ஓரத்தில்கூடக் குறுக்காக எழுதி ஆட்களை நிறுத்தி வைத்திருக்கிறார்.

ஊழியம் என்றால் அப்படித்தான் என்று மற்றவர்கள் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கூடவே இருந்து பார்க்கிறவள் நான். யாராவது அழைத்தால் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வருகிறது, அதை நான் பார்த்திருக்கிறேன். அழைக்காத நாளில் போனை எடுத்து, அது உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார். தான் ஒரு வீட்டுக்குப் போகாவிட்டால் அந்த வீட்டுக்கு ஆண்டவரும் வழி தெரியாமல் நிற்பார் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. பக்திதான் அது, இல்லை என்று சொல்லவில்லை. பக்திக்குள் கொஞ்சம் நான்தான் என்கிற சமாசாரமும் கலந்திருந்தது.

வாரத்தில் ஒரு நாள், திங்கட்கிழமை, அவருக்கு விடுமுறை. சபை கொடுத்த நியமனக் கடிதத்திலேயே அப்படி எழுதியிருக்கிறதாம். இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது, ஒரு திங்கட்கிழமையைக்கூட நான் பார்த்ததில்லை. காலை எட்டு மணிக்கு வாசல் மணி அடிக்கும். வந்தவர்கள் காலணியைக் கழற்றிக்கொண்டே சொல்வார்கள்: "இன்னைக்கு உங்களுக்கு லீவுதானே பாஸ்டர். அதான் நிதானமா பேசலாம்னு இன்னைக்கா பார்த்து வந்தோம்." மற்ற நாளில் வருகிறவர்களாவது அரை மணியில் எழுந்து போவார்கள். திங்கட்கிழமைக்காரர்கள் பகல் சாப்பாடு வரை நிதானமாகப் பேசுவார்கள்.

இப்படி ஓடினால் உடம்பு என்ன செய்யும்? கிடைத்த இடத்தில் தூங்கும். ரொட்டிக்கடைக்காரர் வீட்டில் அது நடந்தது.

அந்த வீட்டுப் பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. எனக்குத் தோழி என்பதால் நானும் வண்டியில் தொற்றிக்கொண்டு போயிருந்தேன். கடையும் அடுப்பும் முன்பக்கம், வீடு பின்பக்கம். அடுப்புச் சூடு சுவர் வழியாக வந்து கூடம் இதமாக இருக்கும். ரொட்டி வேகிற வாசனை வேறு. பெரியம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் எல்லாரும் முழங்கால் போட்டோம். மாப்பிள்ளை மெத்தை வைத்த சோபாவில் முழங்கையை ஊன்றி, கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "எங்கள் பரம பிதாவே, இந்தத் தாயாரின் முழங்காலை..."

அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

முழங்காலை ஆண்டவர் என்ன செய்யவேண்டும் என்று எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தோம். சரியான வார்த்தையைத் தேடுகிறார் என்று முதலில் நினைத்தேன். தேடிக்கொண்டே இருந்தார். நான் ஒரு கண்ணைத் திறந்தேன். என் வயதுக்கு அதற்கு அனுமதி உண்டு. மாப்பிள்ளையின் கன்னம் மெத்தையில் பதிந்திருந்தது, வாய் திறந்திருந்தது, மெத்தை உறையில் ஒரு ரூபாய் அளவுக்கு ஈரம். எட்டி இடுப்பில் ஒரு இடி இடிக்கலாம் என்று கையை நீட்டினேன். பக்கத்திலிருந்த ரொட்டிக்கடைக்காரம்மா கண்ணை மூடியபடியே என் கையைப் பிடித்து அழுத்தி, தரையில் வைத்தாள். அடேயப்பா, என்ன பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பது நிமிஷம். கடைப் பக்கம் ரொட்டி வெந்து அடுப்பு மணி அடித்தது. மாப்பிள்ளை தலையைத் தூக்கினார். தொழில் பழக்கம் என்பது லேசுப்பட்டதில்லை. விட்ட இடத்திலிருந்து பிசிறில்லாமல் பிடித்தார். "...தொட்டுக் குணமாக்கும், ஆமென்." எல்லாரும் ஆமென் சொன்னோம். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. ஒரு கிழவியின் முழங்காலுக்காகப் போனோம், திரும்பும்போது நான்கு பேருக்கு முழங்கால் போயிருந்தது. ரொட்டிக்கடைக்காரரை இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாஸ்டர், இப்படி ஒரு ஜெபம் எங்க வீட்ல நடந்ததே இல்ல. மனசு நெறஞ்சுபோச்சு."

வண்டியில் வரும்போது மாப்பிள்ளை திரும்பிப் பார்க்காமல் கேட்டார். "அத்தை, நான் தூங்கிட்டேனா?"

"முழங்கால்ல தூங்கி குணமாக்கும்ல முழிச்சீங்க."

"அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

"தெரியலைன்னுதான் நெனைக்கிறேன். அழுதாங்களே."

அன்று பகல் சாப்பாட்டை அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். வெட்கம் தாங்காமல் கால் நிற்கவில்லை போலிருக்கிறது.

ஒரு வாரத்தில் போன் வர ஆரம்பித்தது. "பாஸ்டர், ரொட்டிக்கடை வீட்ல பண்ணீங்களாமே அந்த மௌன ஜெபம், அதை எங்க வீட்லயும் வைக்கணும்." மாப்பிள்ளைக்கு வியர்த்துவிட்டது. "அம்மா, அது மௌன ஜெபம் இல்லைங்கம்மா, அது வந்து, நான் அன்னைக்கு..." என்று உண்மையைச் சொல்லப் போனார். "தெரியும் பாஸ்டர், உங்களுக்குத் தாழ்மை ஜாஸ்தி. வியாழக்கிழமை மூணு மணிக்கு வந்துடுங்க." டைரியில் ஓர் ஓரத்தைக் கண்டுபிடித்து அதையும் எழுதிக்கொண்டார்.

இரண்டு வீடு, மூன்று வீடு, ஆறு வீடு ஆனது. நானும் கூடப்போன வீடுகளில் எனக்குச் சில விநோதங்கள் கண்ணில் பட்டன. திரைச்சீலையை முன்கூட்டியே இழுத்துவிட்டிருப்பார்கள். சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி மேசைமேல் வைத்திருப்பார்கள். ஒரு தையற்காரர் வீட்டில் சோபாவில் தலையணையே கிடந்தது, புது உறை போட்டு. மௌனம் என்றால் இப்படியெல்லாம் சாமான் வேண்டுமோ என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை மட்டும் நியாயஸ்தர். ஒரு முறை ஏமாற்றினது போதும், இனி மௌன ஜெபம் என்றால் மெய்யாகவே மௌன ஜெபம்தான் என்று உறுதி எடுத்துக்கொண்டார். போவதற்கு முன்னால் இரண்டு குவளைக் காப்பி. முழங்காலுக்கு அடியில் ஒரு சிறு கல். கண் சொருகினால் தொடையில் கிள்ளிக்கொள்வார். அரை மணி நேரம் இப்படித் தன்னோடு மல்லுக்கட்டிவிட்டு எழுந்தால், வீட்டுக்காரர்கள் முகம் தொங்கியிருக்கும். "அன்னைக்கு ரொட்டிக்கடை வீட்ல இருந்த ஆழம் இங்க வரலையே பாஸ்டர்." இவர் வீட்டுக்கு வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். தொடையெல்லாம் நீலம். "ஆழம் வரலியாம் அத்தை. இன்னும் எவ்வளவு முழிச்சிருக்கிறது?"

சபைச் செயலருக்கு ஒரே சந்தோஷம். அவர் ஓய்வுபெற்ற அலுவலக மேலாளர். எதையும் பட்டியலில் ஏற்றாமல் விடமாட்டார். "மாசத்துல முதல் வெள்ளிக்கிழமை மௌன ஜெபம்னு அச்சடிச்சிடலாம் பாஸ்டர். ஜனங்களுக்கு இதுல ஒரு ஆர்வம் வந்திருக்கு." மாப்பிள்ளை "வந்துட்டேன்னு வச்சுக்கோங்க" என்றார், எங்கே என்று கேட்காமலே.

ஏழாவது வீடு ஊருக்கு அந்தக் கோடியில். புதன்கிழமை, பகல் இரண்டு மணி, நேரான சாலை, முன்னால் பின்னால் ஒரு வண்டி இல்லை. அந்த வீடு வரைக்கும் தூக்கம் காத்திருக்கவில்லை. மாப்பிள்ளை வண்டியிலேயே தூங்கிவிட்டார். பாதி கட்டின ஒரு வீட்டுக்கு முன்னால் மணல் கொட்டி வைத்திருந்தார்கள், அதில் போய்ச் சொருகினார். மணலுக்கு அந்தப் பக்கம் இரும்புக் கம்பிகள் அடுக்கியிருந்தன. மூன்று முழம் தள்ளிப் போயிருந்தால் இதை நான் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கமாட்டேன்.

இடது மணிக்கட்டு முறிந்தது. இரத்த அழுத்தம் பார்த்த டாக்டர் மறுபடி ஒரு தடவை கருவியைக் கட்டிப் பார்த்தார், கருவிமேல் சந்தேகம் வந்து. "என்ன வேலை பார்க்கிறீங்க?"

"ஊழியம்."

"லீவு உண்டா?"

மாப்பிள்ளை யோசித்தார். "எழுத்துல உண்டு."

"எழுத்துல தூங்க முடியாது சார். அடுத்த தடவை மணல் இருக்காது" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

டாக்டர் நகர்ந்ததும் மாப்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? நல்ல கையால் போனைத் துழாவி எடுத்து அந்த ஏழாவது வீட்டுக்குப் பேசினார். "ஒரு சின்ன தாமதம்மா. வந்துட்டேன்னு வச்சுக்கோங்க." மாவுக்கட்டு இன்னும் காயவில்லை.

என் மகள் அந்தப் போனைப் பிடுங்கவில்லை. பொறுமையாக வாங்கி, அணைத்து, தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் பெற்றவள்தான், ஆனால் அந்தக் குரலை அதுவரைக்கும் நான் கேட்டதில்லை.

"நல்லா கேட்டுக்கோங்க. நாம இருக்கிறது சபை வீடு. நீங்க போயிட்டா மூணு மாசத்துல காலி பண்ணணும். நான், அம்மா, விடுதியில படிக்கிற பொண்ணு, மூணு பேரும் வாடகைக்கு வீடு தேடணும். செயலர் நல்லா ரெண்டு பக்கத்துக்கு இரங்கல் அச்சடிப்பாரு. நாலாவது மாசம் புதுப் பாஸ்டர் வருவாரு. அவரும் ஃப்ரிட்ஜ் பக்கத்துல நின்னு சாப்பிட்டுட்டு, அஞ்சே நிமிஷம்னு சொல்லிட்டுக் கெளம்புவாரு. ஜனங்க அவரையும் பாஸ்டர்னுதான் கூப்பிடுவாங்க. சபைக்கு ஆள் கிடைக்கும்ங்க. எனக்குத்தான் கிடைக்காது."

மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார். "ஜனங்களை விட்டுட முடியுமா?"

"ஒரு நாள். திங்கக்கிழமை மட்டும். அதுக்குமேல நான் கேக்கல. அதுவும் முடியாதுன்னா நான் பொண்ணைக் கூட்டிக்கிட்டுத் தனியா வீடு பார்க்கிறேன். பின்னாடி பார்க்கப்போற வீட்டை இப்பவே பார்த்துடறேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். நானும் என் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. "ஏன் மாப்பிள்ளை, இயேசு கூட்டத்தை விட்டுட்டுத் தனியா மலைக்குப் போனாருன்னு போன மாசம்தானே பிரசங்கம் பண்ணீங்க. போகும்போது விலாசம் குடுத்துட்டா போனாரு?"

"தேடி வந்தப்ப இறங்கி வந்தாரே அத்தை."

"வந்தாரு. ஏறினவருதானே இறங்க முடியும். நீங்க ஏறவே இல்லையே."

வேதபாடக் கல்லூரியில் மூன்று வருஷம் படித்தவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆனாலும் வழிக்கு வந்தார் என்று சொல்லமுடியாது. "இந்தத் திங்கக்கிழமை பார்க்கலாம்" என்றார். அவருடைய பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று ஆறு வருஷமாகப் பார்த்துவிட்டோம். மகள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

சனிக்கிழமை ரொட்டிக்கடைக்காரம்மா வீட்டுக்கு வந்தாள். சூடான ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதை எங்களிடம் கொடுக்க மறந்து, அப்படியே அழுதாள். மாப்பிள்ளை சாய்வு நாற்காலியில், கை கழுத்தில் கட்டிய துணித்தொட்டிலில்.

"எல்லாம் என்னாலதான் பாஸ்டர். நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"மௌன ஜெபத்தைப் பத்தியா? பரவாயில்லம்மா. நான்தான் உங்ககிட்ட உண்மையைச் சொல்லாம..."

"என்ன உண்மை? நீங்க தூங்கினதா? அது எங்களுக்குத் தெரியாதா? மெத்தை உறையைத் தோய்ச்சவ நான்."

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். ஆறு வருஷத்தில் அவரைத் தன் வீட்டில் அசையாமல் பார்த்தது அந்த நாற்பது நிமிஷம்தான் என்றும், அதில் மனசு நிறைந்துபோய்விட்டது என்றும் சொன்னாள். எழுப்பப் போன என் கையைப் பிடித்ததும் அதற்குத்தான். பிறகு தனக்கு நெருங்கிய ஏழெட்டுப் பெண்களிடம் சொல்லியிருக்கிறாள். பாஸ்டரை அவர் வீட்டில் ஜனங்கள் தூங்கவிடமாட்டார்கள், ஆளாளுக்கு அழைக்கிறார்கள், அதனால் மௌன ஜெபம் என்று பேர் வைத்து வாரம் ஒருவர் அழையுங்கள், திரையை இழுத்துவிடுங்கள், அரை மணி நேரம் தூங்கிவிட்டுப் போகட்டும் என்று. திரைச்சீலை, கடிகாரம், தலையணை எல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. இவரோ கல்லின்மேல் முழங்காலை வைத்து, தொடையைக் கிள்ளிக்கொண்டு, அவர்கள் கொடுத்த தூக்கத்தோடு ஆறு வீட்டில் சண்டை போட்டிருக்கிறார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏம்மா, ஒரு மனுஷன் தூங்கணும்னா ஊருக்கு அந்தக் கோடி வரைக்கும் வண்டி ஓட்டிக்கிட்டு வரச்சொல்லுவீங்களா? அவரைக் கூப்பிடாம இருந்தாலே தூங்கியிருப்பாரே. வீட்ல அவருக்குக் கட்டில் இருக்கு."

அவள் திகைத்துப்போனாள். மெய்யாகவே அது அவளுக்குத் தோன்றவில்லை. அவள் மட்டுமில்லை, ஏழு வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாருக்கும் அவர்மேல் உயிர். எல்லாருக்கும் அவர் ஓய்வெடுக்க வேண்டும். அவரவர் வீட்டில் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார். "செயலருக்கும் தெரியுமா?"

"அவருக்குத் தெரியாது பாஸ்டர். அவரு நெஜமாவே கண்ணை மூடிக்கிட்டு ஜெபம் பண்றவரு."

"அப்ப அன்னைக்கு உங்க வீட்ல யாருமே ஜெபம் பண்ணலையா?"

"ஏன் பண்ணல? நாங்க பண்ணோம். நீங்க தூங்கிக்கிட்டே இருக்கணும்னு நான் பண்ணேன். அடுப்பு மணி அடிச்சிடக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரர் பண்ணாரு. எழுந்து போய் நிறுத்தலாம்னு பார்த்திருக்காரு பாவம், கால் மரத்துப்போச்சு."

நான் சிரித்தேன். மகளும் சிரித்தாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அவள் போனபிறகும் வெகுநேரம் அதே நாற்காலியில் இருந்தார். ரொட்டி ஆறிப்போயிற்று. தான் சுமந்துகொண்டிருப்பதாக நினைத்த ஜனங்கள் தன்னைச் சுமந்துகொண்டிருந்தார்கள் என்று தெரிந்தால் ஒரு போதகருக்கு உடனே சந்தோஷம் வருமா? வராது. முதலில் வலிக்கும். அவருக்கும் வலித்தது, முகத்தில் தெரிந்தது. கடைசியில், "நான் போகலைன்னாலும் அந்த வீட்ல ஜெபம் நடக்குது" என்றார், யாரிடமும் சொல்லாதது போல.

"அதுதானே உங்க வேலை" என்றாள் என் மகள். "அது நடக்கிறதுக்குத்தானே இத்தனை வருஷம் ஓடினீங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்புகளைச் செயலர் வாசித்து முடித்ததும், மாப்பிள்ளை கைத்தொட்டிலோடு எழுந்து நின்றார். "இன்னும் ஒரு அறிவிப்பு. நாளைக்குத் திங்கக்கிழமை. நான் வீட்ல இருப்பேன். யாரும் வராதீங்க." அவ்வளவுதான் சொன்னார். நாற்காலிகள் கிரீச்சிட்டன. பின்வரிசையில் யாரோ, "அவசரம்னா பாஸ்டர்?" என்றார். "சாவுன்னா வருவேன். மத்ததெல்லாம் செவ்வாய்க்கிழமை." செயலர் பேனாவை எடுத்து அதை எங்கே எழுதுவது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார். மைக்கில் சொல்லிவிட்டால் செய்துவிட்டதாக ஆகுமா? என் மகள் என் காதில், "நாளைக்குப் பார்ப்போம்" என்றாள்.

திங்கட்கிழமை காலை, சிகரெட்டை விட்டவன் படுகிற பாடுதான் பட்டார். போனை மகள் துவாலை வைக்கிற இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டாள். அவர் கால் மூன்று தடவை தானாக அந்த இழுப்பறை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. ஒற்றைக் கையால் குளியலறைக் குழாயைப் பழுது பார்த்தார். அது அதற்கு முன் நன்றாகத்தான் இருந்தது. புத்தகங்களை உயரப்படி அடுக்கினார். ஒன்பதரைக்கு என்னிடம் வந்து, "அத்தை, உங்களுக்கு ஏதாவது மன பாரம் இருந்தா சொல்லுங்களேன்" என்றார். "இருக்கு. நீங்கதான்" என்றேன்.

பேத்தி விடுமுறைக்கு வந்தபோது விட்டுப்போன சீட்டுக்கட்டு ஒன்று அலமாரியில் கிடந்தது. மகள் அதை எடுத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். காசு வைத்தெல்லாம் இல்லை, சும்மா கழுதை ஆட்டம். ஒருவர் போட்ட இனத்தையே மற்றவர்களும் போடவேண்டும். அந்த இனம் கையில் இல்லாதவர் வேறு சீட்டைப் போட்டு வெட்டலாம். அதுவரை யார் பெரிய சீட்டுப் போட்டாரோ அவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ள வேண்டும். கடைசிவரை சீட்டு யார் கையில் தங்குகிறதோ அவர் கழுதை. சபையில் பாதிப் பேருக்குச் சீட்டைக் கண்டால் பேயைக் கண்ட மாதிரி. அதனால் திரையை இழுத்துவிட்டோம். மாப்பிள்ளை முதலில் தயங்கி, பிறகு ஓரமாக உட்கார்ந்து, பிறகு நன்றாகச் சம்மணம் போட்டார். கைத்தொட்டில் துணியின் மடிப்பில் சீட்டுகளை வரிசையாகச் சொருகிக்கொண்டு, ஒன்றொன்றாக நல்ல கையால் உருவினார். இரண்டு ஆட்டம் என்னைக் கழுதையாக்கினார். இவ்வளவு திருட்டு முழி அவருக்கு உண்டு என்று அன்றுதான் தெரியும்.

மூன்றாவது ஆட்டம் நடுவில். நான் சிவப்பு ஆர்ட்டின் ராஜாவை இறக்கியிருந்தேன், மகள் அதில் ஒரு ஐந்து போட்டாள். மாப்பிள்ளையின் முறை. வாசல் மணி அடித்தது.

"பாஸ்டர்?" செயலரின் குரல். "நான்தான். ஒலிபெருக்கிக்காரன் வந்து நிக்கிறான். ஒரே ஒரு கையெழுத்து."

மாப்பிள்ளையின் நல்ல கை தரையில் ஊன்றிவிட்டது. பாதி எழுந்துவிட்டார், அவர் கண் கொடியில் கிடந்த சட்டையைத் தேடியது. மகள் தன் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் அவள் கழுத்தில் ஒரு நரம்பு எழும்பி நின்றது. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. எழுந்து போய்க் கதவை ஒரு சாண் திறந்தேன்.

"பாஸ்டர் இருக்காராம்மா?" என்றார் செயலர், ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு.

நான் வாயைத் திறப்பதற்குள், எனக்குப் பின்னாலிருந்து ஒரு குறட்டை வந்தது. சாதாரணக் குறட்டை இல்லை. மரம் அறுக்கிற குறட்டை, இழுத்து, நிறுத்தி, ஒரு விசிலோடு விடுகிற குறட்டை. செயலரின் முகம் அப்படியே இளகிவிட்டது. "அடடா, பாவம்" என்று உதட்டை மட்டும் அசைத்தார். கையெழுத்தை நாளைக்கு என்று சைகையில் சொன்னார். காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு, பூனை மாதிரி அடி வைத்து, வெளிக்கதவின் தாழ்ப்பாளைச் சத்தம் வராமல் இரண்டு விரலால் போட்டுவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். மகள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி, கண்ணை அகலத் திறந்துகொண்டு, விசில் பிசகாமல் குறட்டை விட்டுக்கொண்டே, துணி மடிப்பிலிருந்து ஒரு ஸ்பேடு இரண்டை உருவி என் ஆர்ட்டின் ராஜாமேல் வைத்து வெட்டினார். முழுக் குவியலையும் என் இடத்துக்குத் தள்ளிவிட்டார்.